ஐந்து நிமிடம் கிழக்கே

வானத்திலிருந்த செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடிப்பொடியாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. முதல் மோதலுக்கு யார் காரணம் என்று நாடுகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. சண்டை தீர்ந்தாலும் புதிதாக ஒன்றை மேலே அனுப்ப முடியாது. சுற்றிக்கொண்டிருக்கும் குப்பை அதையும் உடைத்துவிடும். இன்னும் நூறு வருஷத்துக்கு வானம் நமக்கு வழி சொல்லப்போவதில்லை. சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் மட்டும் அதனிடம் பெரிதாக என்ன கேட்டோம்? பிரியாணிக் கடை எந்தத் தெருவில் என்று கேட்டோம்.

சம்யுக்தா அந்தக் காலத்தில் அதற்குத்தான் சம்பளம் வாங்கினாள். சென்னையில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில், வண்டிக்காரர் எங்கே வருகிறார் என்று கைபேசியில் காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. புள்ளி செத்தது, கம்பெனியும் செத்தது. இப்போது ஐம்பத்து நான்கு வயதில், தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களோடு, தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள இடக்கணிப்பு நிலையத்தில் பென்சிலும் அட்டவணையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் ரேடியோவில் கூப்பிட்டு, சூரியன் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் நின்றது என்று சொல்லும். அவள் கணக்குப் போட்டு, நீங்கள் இன்ன இடத்தில் இருக்கிறீர்கள் என்று திருப்பிச் சொல்வாள். நாளொன்றுக்கு நாற்பது படகு. சூரியன் ஒரு நாளாவது லீவு போடாதா என்று இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் ஒழுங்காகத் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் 'சந்தமரியாள்' என்ற படகிலிருந்து குரல் வந்தது. பேசியவர் படகை ஓட்டும் கிளாட்வின். அப்போது ரேடியோவில் இருந்தவர் சதானந்தம். சேலத்திலிருந்து மாற்றலாகி முந்தின நாள்தான் வேலையில் சேர்ந்திருந்தார். கேட்டதை ஒரு சொல் விடாமல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

"என்ஜின் போச்சு. அடிச்ச காத்துல நீங்க குடுத்த பெட்டிக் கடியாரம் உடைஞ்சிட்டு. போனெல்லாம் நனைஞ்சு போச்சு. நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும்னு நெனைக்கேன், நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்கல. அஞ்சு பேரு இருக்கோம். தண்ணி ரெண்டு நாளைக்கு வரும், சொட்டுச் சொட்டாக் குடிச்சா மூணு நாள். நேத்து சூரியன் உச்சிக்கு வந்தது பன்னெண்டு முப்பத்தஞ்சு. கைவாட்ச்சுலதான் பாத்தேன், கூடக்குறைய இருக்கும். இப்ப என் வாட்ச்சுல மணி எட்டு பதினேழு. உங்க கடியாரத்தோட ஒத்துப் பாத்துக்கிடுங்க."

சூரியனின் உயரத்தையும் சொல்லிவிட்டு, முழுவதையும் இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை பாதியில் குரல் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

சம்யுக்தா ஒன்பது மணிக்கு வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்தாள். கிளாட்வின் சொன்ன மணி எட்டு பதினேழு. பக்கத்தில், செய்தி வந்த நேரம் என்ற கட்டத்தில், சதானந்தத்தின் அழகான கையெழுத்தில் எட்டு பதினேழு. வாட்ச் சரியாக ஓடுகிறது. இப்படி நிதானமாகப் பேசுகிற ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று அவளுக்குத் தெம்பு வந்தது. கணக்குப் போட்டாள். வடக்கே ஆறு டிகிரி, கிழக்கே எழுபத்து மூன்றே முக்கால். மாலத்தீவுக்குக் கொஞ்சம் முன்னால். ரோந்துக் கப்பல் ஒன்று அன்றைக்கே கிளம்பி, புதன்கிழமை காலையில் அங்கே போய்ச் சேர்ந்தது. நீரோட்டம் எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்பதையும் சேர்த்து, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடியது. புதன், வியாழன், வெள்ளி. ஒரு மிதவைகூடக் கண்ணில் படவில்லை.

நிலையத்துக்குத் தலைமை அதிகாரி லோகேஸ்வரன். மதியம் இரண்டு மணிக்கு அவள் மேஜைக்கு வந்து, உட்காராமலே சொன்னார்.

"கப்பல் நாலு மணிக்குத் திரும்புது மேடம். இனி டீசல் தாங்காது. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு இதெல்லாம் வராது."

அந்தம்மா என்றது கிளாட்வினின் மனைவி ஜெசிந்தாவை. செவ்வாய்க்கிழமையிலிருந்து காலையில் வந்து வாசல் பெஞ்சில் உட்காருவாள், இருட்டும்போது எழுந்து போவாள். அழுவதும் இல்லை, யாரையும் தொந்தரவு செய்வதும் இல்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். அதைத் திறப்பாள், குடிக்காமல் மூடுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சம்யுக்தா இரண்டு நாளாகப் பின்வாசல் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவளை உள்ளே கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஜெசிந்தாதான் முதலில் கேட்டாள்.

"அந்த இடம், அந்த இடம்னு சொல்லுதீகளே மேடம். கடலுக்குள்ள இடத்த எப்படிக் கண்டுபிடிக்கீக?"

கெட்ட செய்தியைக் கொஞ்சம் தள்ளிப்போட இது போதும் என்று சம்யுக்தாவுக்குத் தோன்றியது. காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடி உருண்டையை எடுத்துப் பென்சிலால் காட்டினாள்.

"இதுதான் பூமின்னு வச்சுக்கோங்க. குறுக்கால சுத்தி வர்ற கோடு அட்சக்கோடு. நாம வடக்க தெக்க எங்க நிக்கோம்னு அது சொல்லும். அதுக்குச் சூரியன் மட்டும் போதும். உச்சிப்பொழுதுல எவ்வளவு உசரத்துல நிக்குதுன்னு பாத்தா முடிஞ்சுது. கடிகாரமே வேண்டாம்."

"சரி."

"மேலயிருந்து கீழ வர்றது தீர்க்கக்கோடு. கிழக்க மேற்க சொல்றது அதுதான். அங்கதான் சிக்கல். பூமி சுத்திக்கிட்டே இருக்குல்லா, கிழக்க இருக்கவங்களுக்கு உச்சி முன்னாடி வந்துரும், மேற்க இருக்கவங்களுக்குப் பின்னாடி வரும். எவ்வளவு பின்னாடின்னு தெரிஞ்சா, எவ்வளவு மேற்கன்னு சொல்லிரலாம். நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி."

"ஒரு டிகிரின்னா எவ்வளவு தூரம்?"

"அங்க, நூத்திப்பத்து கிலோமீட்டர்."

பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது.

"நாலே நாலு நிமிஷத்துக்கா?"

"ஆமா."

"அப்போ வாட்ச்சு தப்பா இருந்தா?"

"இடமே தப்பாப் போயிரும்."

ஜெசிந்தா பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"அவுக வாட்ச்ச நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சேன் மேடம்."

சம்யுக்தா கண்ணாடி உருண்டையைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுல எல்லாக் கடியாரமும் அஞ்சு நிமிஷம் முன்னாடிதான். அவுக வாட்ச்சு மட்டும்தான் சரியா ஓடுச்சு. துறைமுகத்துக்கு லேட்டாப் போயி போன மாசம் ரெண்டு தடவ கடலுக்குப் போற டோக்கன விட்டாக. இந்தத் தடவ புறப்படுற அன்னைக்கு அவுக குளிக்கப் போனப்ப தள்ளி வச்சுட்டேன். சொன்னா ஏசுவாகன்னு சொல்லல."

அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம்தான் சரியான நேரம் காட்டுகிறது? ஐந்து நிமிடம், சில வீடுகளில் பத்து நிமிடம், முன்னாலேயே ஓடும். முன்னால் ஓடுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பார்த்ததும் மனசுக்குள் கழித்துக்கொண்டு, எப்போதும்போல லேட்டாகத்தான் கிளம்புவார்கள். அப்புறம் எதற்குத் தள்ளி வைப்பது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"இல்லம்மா, நீங்க பயப்படாதீங்க. இந்த மாதிரி இருந்தாத் தெரியணும்னுதான் அவரு தன் வாட்ச்சுல மணி எத்தனன்னு சொல்லியிருக்காரு. எட்டு பதினேழுன்னாரு. நாங்க எழுதி வச்சதும் எட்டு பதினேழு. வாட்ச்சு சரியாத்தான் இருந்திருக்கு. அவரே பாத்துச் சரிபண்ணியிருப்பாரு." குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"அவுக அதையெல்லாம் பாக்கவே மாட்டாக மேடம். இத்தன வருஷமா வாட்ச்சுக்குச் சாவி குடுக்கிறது, தொடைக்கிறது, எல்லாம் நான்தான்."

சம்யுக்தா கப்பல் திரும்ப இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. அப்படியென்றால் இரண்டு முப்பத்தைந்து.

அப்படியென்றால்.

எழுந்த வேகத்தில் முழங்கால் சுளீரென்றது. ரேடியோ அறைக் கதவைத் திறந்தாள்.

"சதானந்தம், செவ்வாய்க்கிழமை அந்த எட்டு பதினேழ எந்தக் கடிகாரத்தப் பாத்து எழுதினீங்க?"

அவர் கதவு வழியாக அவள் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். "அதப் பாத்துத்தானுங்க மேடம். ஏனுங்க?"

"அது அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடுது."

"அப்படீங்களா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "யாரும் சொல்லலீங்களே மேடம்."

யாரும் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நிலையத்தில் நொடி பிசகாத மூலக் கடிகாரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துத்தான் குறிப்பேட்டில் நேரம் எழுத வேண்டும் என்று விதியும் உண்டு. ஆனால் அது நடைபாதைக்கு அந்தப் பக்கம், பூட்டிய குளிர் அறையில் இருந்தது. அதற்காக யார் எழுந்து போவார்கள்? சுவரைப் பார்த்து ஐந்தைக் கழித்து எழுதிக்கொள்வார்கள். பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது கை தானாகச் செய்கிற வேலை. சதானந்தத்துக்குச் சாப்பாட்டுக் கடையைக் காட்டினார்கள், கழிவறைச் சாவி எங்கே தொங்கும் என்று சொன்னார்கள். இதை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது யார் என்று சம்யுக்தா யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஜூன் மாதத்தில், ஐந்தே முக்கால் பஸ்ஸைத் தொடர்ந்து மூன்று நாள் விட்ட எரிச்சலில், வலிக்கிற முழங்காலோடு நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பியது அவள்தான். சதானந்தம் இப்போது எந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ, அதே நாற்காலி.

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். உச்சி பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இல்லை, பன்னிரண்டரைக்கு வந்திருக்கிறது. எழுபத்து மூன்றே முக்கால் இல்லை, எழுபத்தைந்து. ஒன்றேகால் டிகிரி கிழக்கே. நூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டர். தேடப்போன கப்பல் அவர்களுக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் வடக்கே கடந்து, அவர்களைப் பின்னால் விட்டுவிட்டுத்தான் போயிருந்தது.

லோகேஸ்வரன் முதலில் நம்பவில்லை.

"கப்பலத் திருப்பிவிடச் சொல்லுதீங்க. எதுக்குன்னு கேட்டா, படகுக்காரன் பொண்டாட்டி வாட்ச்ச மாத்தி வச்சான்னு நான் சொல்லணுமா?"

"நம்ம சுவர்க் கடிகாரம் தப்புன்னு சொல்லுங்க சார். நான் மாத்தி வச்சேன்னு சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். "எனக்கும் தெரியுமே. நானும் அஞ்சு கழிச்சுத்தான் பாக்குறது." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போலச் சற்று நேரம் நின்றார். பிறகு ரேடியோ அறைக்குப் போனார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் மேடம். டீசல அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது."

ஜெசிந்தா பெஞ்சுக்குத் திரும்பிப் போயிருந்தாள். சம்யுக்தா வெளியே வந்ததும் தலையைத் தூக்கிக் கேட்டாள். "நாந்தானே மேடம்?"

"இல்ல. நான்." அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அன்று அவளுக்குச் சக்தி இல்லை.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு, புதிதாகக் கட்டம் போட்ட இடத்தில், மூன்றாவது கட்டத்தில், சந்தமரியாள் கிடைத்தது. நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். கிளாட்வின் பேசும் நிலையில் இருந்தார். என்ஜின் பார்க்கும் அந்தோணிப்பிச்சை, அறுபத்தொரு வயது, வியாழக்கிழமை பிற்பகலில் இறந்திருந்தார். தன் பங்குத் தண்ணீரை இரண்டு நாளாக அடுத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அவர் இறந்த நாளையும் நேரத்தையும் கிளாட்வின் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

நிலையத்தில் எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். ஐந்தில் நான்கு, பரவாயில்லை என்று யாரோ சொன்னார்கள். சம்யுக்தாவுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. மாலையில் லோகேஸ்வரன் தட்டச்சு செய்த அறிக்கையை நீட்டினார். படகில் இருந்தவரின் கைக்கடிகாரம் தவறான நேரம் காட்டியதால் தேடுதல் தாமதமானது என்று இரண்டே பத்தி.

"அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்கல்லா. ஒரு கையெழுத்து வாங்கிட்டா ஃபைல் முடிஞ்சுது. யாரும் அவங்கமேல கேஸ் போடப்போறதில்ல."

"நம்ம கடிகாரம் இதுல எங்க சார் இருக்கு?"

"அது எந்த ரெக்கார்டுல இருக்கு?"

சம்யுக்தா திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றி, வெயில் படாத பெயின்ட் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது.

"ரிப்பேருக்கு அனுப்பியாச்சு," என்றார் லோகேஸ்வரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "உங்களுக்கு ரிடையர் ஆக நாலு வருஷம் இருக்கு மேடம். எனக்கு ரெண்டு. சதானந்தத்துக்குப் பொண்ணு காலேஜுல படிக்குது. யோசிச்சுக்கோங்க."

யோசிக்க அவள் ரொம்பக் களைத்துப்போயிருந்தாள். களைப்பு சில சமயம் நல்லதுதான், தந்திரம் பண்ணத் தெம்பு இருக்காது. ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் கையாலேயே எழுதினாள். படகுக்காரர் தன் வாட்ச்சைச் சரிபார்க்கச் சொல்லி நேரத்தைச் சொன்னார். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். அதை நாங்கள் தவறான கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தோம். அந்தக் கடிகாரத்தை மாற்றி வைத்தது நான். புதிதாக வந்தவரிடம் அதைச் சொல்லாததும் நான். கையெழுத்துப் போட்டு, கீழே நேரம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும், நடைபாதையைக் கடந்து குளிர் அறையைத் திறக்கச் சொல்லி, மூலக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணிப்பிச்சையின் வீட்டுக்குப் போனாள். தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கின. அந்த வீட்டு வாசலில் மட்டும் நட்சத்திரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரோரமாக ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"உள்ள போகக் கால் வரல மேடம். எம்புருசன் பொழச்சுட்டாக, அவுக புருசன் போயிட்டாக. நான் வாட்ச்ச மாத்தினேன்னு சொல்லிருதேன்."

"நீங்க தள்ளி வச்ச அஞ்சு நிமிஷத்தக் கண்டுபிடிக்கத்தான் நாங்க அங்க சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கோம். வாங்க, நான் பேசுறேன்."

அந்தோணிப்பிச்சையின் மனைவி ரோஸ்லின் பாயில் உட்கார்ந்திருந்தார். சம்யுக்தா எதிரில் தரையில் உட்கார்ந்தாள், முழங்காலைப் பற்றி நினைக்கவில்லை. கடிகாரத்தைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, நாற்காலியைப் பற்றி, கப்பல் புதன்கிழமையே போய்த் தவறான இடத்தில் தேடியதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னாள். ஜெசிந்தா வாயைத் திறந்தபோது அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ரோஸ்லின் குறுக்கே பேசவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் சம்யுக்தாவுக்கு நன்றாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வியாழக்கிழமை எத்தன மணிக்குப் போனாக?"

"கிளாட்வின் எழுதி வச்சிருக்காரு. மூணு இருபது." சொன்ன பிறகுதான் சம்யுக்தாவுக்கு உறைத்தது. "அது அவரு வாட்ச்சுல. அஞ்சு கழிக்கணும். மூணேகால்."

"மூணேகால்." ரோஸ்லின் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. அவரும் எதையோ கழித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணிக்குத்தான் எங்க தெருவுல தண்ணி விடுவாக," என்றார். "அன்னைக்கு நல்லா வந்துச்சு. எல்லாக் குடமும் நெறஞ்சு, அண்டாவும் நெறஞ்சு, மிச்சத்த வாசல்ல ஊத்திக்கிட்டு இருந்தேன்."